பினாங்கில் இருப்பதாகச் சொல்லப்படுகிறவர்

2023 ஏப்ரல் 2, ஞாயிறு

காலையில் கொழுந்தன் நல்லபெருமாள் வந்தான். கையில் ஒரு கட்டு கறிவேப்பிலை. கறிவேப்பிலையோடு வந்தால் ஏதோ வேலை வைக்கப்போகிறான் என்று அர்த்தம். நாற்பது வருஷத்தில் இது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

ஊரில் எங்கள் வீட்டுச் சாமி தூக்குமாடன். சாமி என்றால் வானத்திலிருந்து வந்தவர் இல்லை. ஐந்தாறு தலைமுறைக்கு முன்னால் இந்தக் குடும்பத்தில் பிறந்த மனுஷர்தான், பெயர் அணைஞ்சபெருமாள். குளத்து மடை திறக்கிற தகராறில் ஒருவரை மண்வெட்டியால் அடித்துவிட்டார். அடிபட்டவர் மூன்றாம் நாள் செத்துப்போனார். கும்பினிக்காரன் இவரைத் தூக்கில் போட்டான் என்று கதை. அப்படிச் செத்தவர்களை எங்கள் பக்கத்தில் சும்மா விடுவதில்லை. மாடனாக்கி, பீடம் போட்டு, வருஷம் ஒரு தடவை இலை போட்டுப் படைத்துக் கொடை கொடுப்போம். பீடத்தில் தாம்புக்கயிறு ஒன்று தொங்கும். வரப்புத் தகராறு, திருட்டு, எதுவானாலும் அந்தக் கயிற்றைத் தொட்டுச் சத்தியம் செய்வார்கள்.

இப்போது பீடத்தை எடுத்துக் கல் கோயிலாகக் கட்டுகிறார்கள்.

"மைனி, வாசல்ல கல்வெட்டு வைக்கோம். மாடன் தூக்குல தொங்கின தேதி வேணும். அண்ணன் தேடிக்கிட்டு இருந்தாம்லா, பாதியில போய்ச் சேந்துட்டான். நீங்கதான் இங்கிலீசு படிச்சவுக. ஒரு எட்டு மெட்ராஸ் போயிட்டு வந்துருங்க. வைகாசி கடைசி வெள்ளி கொடை. கல்லு வெட்டுதவன் மே பாதிக்குள்ள கேக்கான்."

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 'நம்பர் ப்ளீஸ்' சொன்ன இங்கிலீசை வைத்துக்கொண்டு நான் கும்பினி எழுத்தைப் படிக்க வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டில் இருந்து மட்டும் என்ன சாதிக்கப்போகிறேன்?

இன்னொன்றையும் எழுதிவைக்கிறேன். வியாழக்கிழமை ஒரு கடிதம் வந்தது. குழலி எழுதியது. என் மகள் குழல்வாய்மொழி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் தான் விரும்பினவனைக் கட்டிக்கொண்டாள். சாதி வேறு. அவன்மேல் வேறு குற்றம் கிடையாது. செய்தி வந்த அன்று அவள் அப்பா கிணற்றடியில் நின்று தலைமுழுகினார். தலைமுழுகினால் அந்தப் பிள்ளை செத்ததாகக் கணக்கு. அதன்பிறகு பெயரைக்கூட எடுக்கக் கூடாது. அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவள் நியூசிலாந்தில் இருக்கிறாள்.

ஜூன் முதல் வாரம் வருகிறேன், வீட்டுக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறாள். மே பத்தாம் தேதிக்குள் டிக்கெட் போட வேண்டுமாம். பதில் இல்லை என்றால் வரமாட்டாளாம். இனிமேல் எழுதவும் மாட்டாளாம்.

பதில் எழுதவில்லை. அவர் எடுத்த முடிவை நான் எப்படி மாற்றுவது?

ஏப்ரல் 5, புதன்

அவருடைய நோட்டுகளை எடுத்துத் தூசி தட்டினேன். நான்கு நோட்டு. மின்வாரியத்தில் கணக்கு எழுதின கை, எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஓய்வு பெற்றபின் இந்தப் பைத்தியம் பிடித்தது அவருக்கு. 'என் தாத்தனுக்குத் தாத்தன்' என்று ஆரம்பித்தால் பால் பொங்கி அடுப்பில் வழிந்தாலும் நிறுத்தமாட்டார். அப்போது எரிச்சலாக இருந்தது. இன்றைக்கு அந்தக் குரலைக் கேட்க எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பேன்.

ஆவணக் காப்பகத்தில் எந்தக் கட்டு, எந்தத் தொகுதி என்று எண் எண்ணாக எழுதி, பார்த்ததற்கு டிக் போட்டிருக்கிறார். கடைசியாகப் போனது 2019 நவம்பர். நான்கு நாள் இருந்துவிட்டு வந்து, "ஒண்ணும் ஆம்புடல" என்றார். மார்ச்சில் போய்விட்டார்.

கடைசி எண்ணுக்கு டிக் இல்லை. அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறது. கீழே ஒரே வரி: 'உடம்பு சவுக்கியந்தானா?' சர்க்கரை டாக்டரிடம் கேட்க நினைத்ததைக் குறித்திருப்பார். கையில் கிடைத்த காகிதத்தில் எல்லாம் எழுதுகிற ஆள்தானே.

ஏப்ரல் 11, செவ்வாய்

மோட்டார் ரிப்பேர். இரண்டு நாளாகத் தெருக்குழாயில் குடம் பிடிக்கிறேன். முதுகு விட்டுப்போயிற்று.

ஏப்ரல் 23, ஞாயிறு. சென்னை

ரெஜினா வீட்டில் இருக்கிறேன். பெரம்பூரில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பாளையங்கோட்டை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவளும் நானும் இருபத்தாறு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. மகனோடு இங்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது. பேச்சில் மட்டும் பாளையங்கோட்டை அப்படியே இருக்கிறது.

"ஏளா ஆவுடை, என்ன இப்பிடி மெலிஞ்சிட்ட? சாப்பிடுதியா, இல்ல அந்த மனுஷனோட நோட்டையே தின்னுட்டுக் கெடக்கியா?"

சாயங்காலம் முழுக்கப் பழங்கதை. காதில் ஹெட்செட், முன்னால் பலகை நிறைய ஓட்டைகள், கையில் கயிறு. பம்பாய்க்கும் கொழும்புக்கும் பினாங்குக்கும் ட்ரங்க் கால் போட்டுவிட்டு ஜனங்கள் தந்தி ஆபீஸ் பெஞ்சில் காத்துக் கிடப்பார்கள். லைன் கிடைத்ததும் 'பேசுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லி விலகிக்கொள்வோம். சிலர் மூன்று நிமிஷமும் பேசாமல் அழுவார்கள். சிலர் மழை பெய்ததா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். நாங்கள் கேட்கக் கூடாது என்று விதி. கேட்காமல் இருந்ததாக ரெஜினா இன்றைக்கும் சாதிக்கிறாள்.

குழலி பிறந்தபின் நான் வேலைக்குத் திரும்பியபோது, மத்தியானம் அவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு எக்ஸ்சேஞ்ச் வாசலுக்கு வருவார். ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்த நாட்களும் உண்டு. என்ன மாதிரி நாட்கள் அவை. அப்போது அவை பெரிதாகத் தெரியவில்லை.

"குழலி எழுதியிருக்காளாம்லா?" என்று ரெஜினா கேட்டாள். அவளுக்கும் குழலிக்கும் பேச்சு உண்டு. அவர் இறந்த செய்தியைச் சொன்னதே ரெஜினாதான்.

"அந்தப் பேச்சு வேண்டாம்" என்றேன். எழுந்து போய்த் தோசைக்கல்லைத் திருப்பினாள்.

ஏப்ரல் 25, செவ்வாய்

எழும்பூர் ஆவணக் காப்பகம். பேனா கூடாது, பென்சில்தான். பக்கத்தைப் புரட்ட எச்சில் தொடக் கூடாது. கட்டுகளை எடுத்துத் தருகிற பெண் அஞ்சுகம், சின்ன வயசு. என் கையில் இருந்த நோட்டைப் பார்த்ததும், "இந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும் மேடம். கதர்ச் சட்டை போட்டுக்கிட்டு ஒரு சார் வருவார். ரொம்ப மெதுவாப் பேசுவார்" என்றாள். என்னிடம் மெதுவாகப் பேசினதே இல்லை.

அவர் டிக் போட்ட தொகுதிகளையே முதலில் கேட்டு வாங்கினேன். எழுத்து எல்லாம் பூரான் ஊர்ந்தமாதிரி. மத்தியானத்துக்குமேல் கண் பழகியது. 1827 ஆகஸ்ட், திருநெல்வேலியில் தீர்ப்பு. அணைஞ்சபெருமாளுக்குத் தூக்கு. மண்வெட்டி, மடை, மூன்றாம் நாள் சாவு, எல்லாம் கதையில் சொன்னபடியே இருக்கிறது.

நல்லபெருமாளுக்குப் போன் போட்டேன். "தீர்ப்புத் தேதி ஆம்புட்டாச்சு. தொங்கின தேதிய நாளைக்குப் பாத்துருதேன்."

"மாடன் காட்டிட்டான் மைனி" என்றான்.

ஏப்ரல் 26, புதன்

தூக்கில் போடவில்லை.

அந்தக் காலத்தில் சாவுத் தண்டனை கொடுத்தால் அதை மெட்ராசில் உள்ள பெரிய கோர்ட்டு ஒப்புக்கொள்ள வேண்டுமாம். கொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டு அடிக்கவில்லை, கைகலப்பில் அடித்தது என்று சொல்லி அந்தக் கோர்ட்டு தண்டனையைக் குறைத்துவிட்டது. ஆயுசு முழுக்கக் கடல் கடந்து இருக்க வேண்டும். 1827 நவம்பரில் கப்பல் ஏற்றியிருக்கிறார்கள். பினாங்கு.

மூன்று தடவை வாசித்தேன். அஞ்சுகத்தைக் கூப்பிட்டு அவளையும் வாசிக்கச் சொன்னேன். "ஆமா மேடம், நாடு கடத்திட்டாங்க. உயிரோடதான் போயிருக்கார்" என்றாள், ஏதோ நல்ல செய்தி சொல்கிறவள் மாதிரி.

நல்ல செய்திதானே. எனக்குத்தான் பீடத்துத் தாம்புக்கயிறு நினைவுக்கு வந்தது. கயிற்றைத் தொட்டு எத்தனை பேர் சத்தியம் செய்திருப்பார்கள்.

அப்படியானால் வீட்டில் எல்லோரும் ஏன் தூக்கு என்றே சொன்னார்கள்? கப்பல் ஏறினவரை ஏன் செத்தவர் ஆக்கினார்கள்? நோட்டில் இந்தப் பக்கத்துக்கும் என் வீட்டுக்காரர் டிக் போட்டிருக்கிறார். பார்த்திருக்கிறார். என்னிடம் 'ஒண்ணும் ஆம்புடல' என்றாரே.

ஏப்ரல் 27, வியாழன்

கடைசி எண், இரண்டு கோடு போட்டது, நாளைக்குத்தான் வருமாம். ரெஜினாவோடு மார்க்கெட் போனேன். வெண்டைக்காய் முற்றல்.

ஏப்ரல் 28, வெள்ளி

1835-ஆம் வருஷத்துக் கட்டு. எட்டு வருஷம் ஒழுங்காக ரோடு போட்டு, பாலம் கட்டி வேலை செய்ததால், பெண்சாதியை வரவழைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று அணைஞ்சபெருமாள் பினாங்கில் மனு கொடுத்திருக்கிறார். பினாங்குக்காரன் மெட்ராசுக்கு எழுத, மெட்ராஸ்காரன் திருநெல்வேலிக்கு எழுத, பெண்சாதியைக் கலெக்டர் கச்சேரிக்குக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். அவள் சொன்னது தமிழிலேயே இருக்கிறது. பென்சிலால் அப்படியே எழுதி எடுத்தேன்:

'அணைஞ்சபெருமாள் பெண்சாதி மாடத்தி, வயது முப்பத்தொன்று, கச்சேரியில் வந்து சொன்னது. என் புருஷனுக்குத் தூக்கென்று தீர்ப்பான சேதி வந்தது. உடல் கொடுக்கமாட்டார்களென்று சொன்னபடியால், தீர்ப்பான நாளையே சாவு நாளாக வைத்துப் பதினாறாம் நாள் கருமாதி செய்தார்கள். அன்று என் கழுத்துத் தாலியை வாங்கினார்கள். பிறகு இரண்டு மாசங்கழித்து, தூக்கு இல்லையென்று சேதி வந்தது. கருமாதி ஆனது ஆனதுதானென்று பெரியவர்கள் சொன்னார்கள். பினாங்கில் இருப்பதாகச் சொல்லப்படுகிறவர் யாரென்று நான் அறியேன். செத்தவரிடத்துக்கு நான் போகக் கூடாது.'

கீழே அவள் போட்ட கீறல். அதற்கும் கீழே கச்சேரி எழுத்தர் எழுதியிருக்கிறார்:

'வாக்குமூலம் முடிந்தும் மேற்படிப் பெண்பிள்ளை போகாமல் சாயங்காலமட்டும் வாசலில் இருந்தாள். கச்சேரி சாத்தும்போது, அந்த மனுஷனுக்கு உடம்பு சவுக்கியந்தானா என்று கேட்டாள். சொல்லத்தக்க தகவல் இல்லாதபடியால் போகச் சொல்லப்பட்டது.'

நோட்டில் இருந்த அந்த ஒரு வரி சர்க்கரை டாக்டருக்கு எழுதினது இல்லை.

அஞ்சுகம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "உங்க சாரும் இதே பக்கத்துலதான் மேடம் ரொம்ப நேரம் உக்காந்திருந்தார். கண்ணாடியக் கழட்டிக் கழட்டித் தொடச்சுக்கிட்டு."

ஏப்ரல் 29, சனி

ரெஜினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அவசரப்பட்டுக் கருமாதி பண்ணிட்டாவ. பண்ணின பெறகு மாத்த மனசு வரல. ஆள் உயிரோட இருக்கான்னு தெரிஞ்சே செத்தவன்னுட்டாவ" என்றாள்.

"ஆமா. பயந்திருப்பாவ. அதான் சாமியாக்கிட்டாவ."

"சாமியாக்குதது லேசு. கூப்பிட்டுச் சோறு போடுததுதான் பெரும்பாடு." தோலைக் கூட்டி ஒதுக்கிவிட்டு, "உம் வீட்டுக்காரரு இதப் படிச்சிட்டு வீட்டுக்கு வந்து ஒண்ணுமே கேக்கலியா ஆவுடை?" என்றாள்.

இல்லை என்றேன்.

மே 3, புதன். பாளையங்கோட்டை

வீடு வந்து நான்கு நாள் ஆகிறது. துணி துவைத்தேன், சிலிண்டர் மாற்றினேன், வடகம் பிழிந்தேன், வடகத்தைக் காக்கைக்குக் கொடுத்தேன். இந்த நோட்டைத் திறக்கவில்லை. ரெஜினாவிடம் சொன்ன பொய்யை இங்கேயாவது எழுத வேண்டும்.

கேட்டார்.

2019 நவம்பர். சென்னையிலிருந்து வந்த மறுநாள் காலை. நான் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "ஆவுடை, குழலி நம்பர் எதும் ஒங்கிட்ட இருக்கா?"

ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவள் பெயரைச் சொன்னார்.

நம்பர் இருந்தது. 2013-இல் ரெஜினா ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். சீட்டைக் கிழித்துப் போட்டேன். கிழித்து என்ன செய்ய? ஒரு தடவை பார்த்த நம்பர் எனக்கு ஆயுசுக்கும் மறக்காது, அப்படிப்பட்ட பிழைப்பு. அந்த நம்பரிலிருந்து எனக்கு மூன்று தடவை போன் வந்தது. மூன்று தடவையும் 'அம்மா' என்று கேட்டதும் வைத்துவிட்டேன்.

அவர் கேட்டதும் எனக்குத் தலைக்குமேல் கோபம் வந்தது. அன்றைக்கு என்னை ஒரு வார்த்தை கேட்டா கிணற்றடிக்குப் போனார்? "நீயும் ஊத்திக்கோ" என்று வாளியை என் கையில் கொடுத்தார், நானும் ஊற்றிக்கொண்டேன். ஆமாம், நானும்தான் முழுகினேன். இத்தனை நாளாக 'அவர் முழுகினார்' என்றே எழுதிவருகிறேன். இவருக்கு வேண்டாம் என்றால் பிள்ளை சாக வேண்டும், இவருக்கு வேண்டும் என்றால் நான் நம்பரை எடுத்து நீட்ட வேண்டும், அப்படியா?

"செத்தவளுக்கு ஏது நம்பர்?" என்றேன்.

வேறு ஒன்றும் கேட்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைத்தார். நான்கு மாசத்தில் போய்விட்டார். அவர் கல் நெஞ்சுக்காரர், சாகிறவரை பிள்ளையை நினைக்கவே இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்கிறது. ஊருக்கு அப்படிச் சொன்னது நான்தான்.

மே 5, வெள்ளி

காலை ஏழு மணிக்கு அவளுக்குப் போன் செய்தேன். அங்கே மத்தியானமாம். 'ஹலோ' என்றாள். இருபத்தாறு வருஷம் ஊரார் அழுகைக்கெல்லாம் லைன் கொடுத்தவளுக்குச் சொந்தமாக ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில், "அங்க மழை பெய்யுதா?" என்று கேட்டேன்.

மூன்று நிமிஷம் பேசினோம். என்ன பேசினோம் என்று எழுதப்போவதில்லை. டிக்கெட் போடுகிறாள். அப்பா உன் நம்பரைக் கேட்டார் என்று சொன்னேன். அவள் அழுதாள். நான் என்ன பதில் சொன்னேன் என்பதைச் சொல்லவில்லை. போனில் சொல்ல முடியவில்லை.

மே 14, ஞாயிறு

நல்லபெருமாள் வந்தான். கறிவேப்பிலை இல்லை. தேதி வாங்க வந்திருக்கிறான்.

எழுதி வந்ததை முழுக்க வாசித்துக் காட்டினேன். மாடத்தி வாக்குமூலம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்பம் மாடன் தூக்குல சாகலியா மைனி?"

"சாகல. கப்பல்ல போனாவ. எட்டு வருசம் கழிச்சுப் பெண்டாட்டியக் கூப்பிட்டாவ. நம்ம ஆளுகதான் விடல."

"இதப் போயி கல்லுல வெட்டவா? கயித்தத் தொட்டுச் சத்தியம் பண்ணுதவன் நாளைக்குச் சிரிக்க மாட்டானா?"

"பேர மட்டும் வெட்டு. தேதி வேண்டாம். இல்லாத தேதிய எங்கேருந்து கொண்டாருவேன்?"

அவனுக்கு அது ஒருமாதிரி பிடித்துவிட்டது. எழுந்திருக்கும்போதுதான் குழலி வருவதைச் சொன்னேன். மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

"அண்ணன் தலைமுழுகின பிள்ள மைனி. கொடை நேரத்துல செத்தவள எப்பிடி வீட்டுக்குள்ள சேப்பிய? நாலு பேரு கேக்க மாட்டாவளா?"

"செத்தவுகளுக்குத்தாம்டே நாம கொடையே கொடுக்கோம். அவ செத்தவன்னா முதல் எலை அவளுக்குத்தான் போடணும்."

"வெளையாடாதிய."

"வெளையாடல. உங்க அண்ணன் அவ நம்பரக் கேட்டாவ. நான்தான் குடுக்கல. 'செத்தவளுக்கு ஏது நம்பர்'னு சொன்னேன். நாலு பேரு கேட்டா இதையும் சேத்துச் சொல்லு. அவ செத்துட்டான்னா மறுபடி பொறக்கட்டும். பெத்தவ நான் இருக்கேன்லா?"

அவன் முன்னால் நான் அழுதது அவர் செத்த அன்றைக்குப் பிறகு இன்றுதான். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"நான் வந்து முன்ன நிக்க மாட்டேன் மைனி. வரவேண்டாம்னு சொல்லவும் மாட்டேன்."

அவனிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

மே 27, சனி

அவள் அறையை வெள்ளையடிக்க ஆள் வந்தது. நீலம் அதிகம் போட்டுவிட்டான். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.

ஜூன் 7, புதன்

காலை ஒன்பது மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. ஒரே ஒரு பெட்டி. முன்தலையில் நரை. அவள் நடை அப்படியே அவர் நடை, வலது தோள் கொஞ்சம் சாய்ந்து. கேட்டைத் திறந்தவள், வாசற்படிக்குக் கீழேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வரலாமாம்மா?"

முந்தின நாளே யோசித்து வைத்திருந்தேன். வெள்ளிச் சங்கில் சீனித்தண்ணீர் கரைத்துக் கையில் வைத்திருந்தேன். பிறந்த பிள்ளைக்கு முதன்முதல் நாக்கில் தொட்டு வைப்போமே, சேனை, அதற்குத்தான். தலைமுழுகின பிள்ளையைச் செத்ததாகத்தானே வைத்தோம்? வீட்டுக்குள் வருவதானால் இன்றைக்குப் பிறந்ததாக வரட்டும். இப்படி ஒரு சடங்கு எங்காவது உண்டா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் யாராவது இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை.

ஆனால் சேனையில் ஒரு சங்கதி இருக்கிறது. வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால்தான் யார் வைப்பது என்று வீட்டில் அவ்வளவு பேச்சு நடக்கும். குழலி பிறந்தபோது என் மாமனார்தான் வைத்தார். நல்ல குணமுள்ள ஆள் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தது. இப்போது வைக்கப்போகிறவள் நான். படியில் சங்கோடு நின்றபோதுதான் அது என் நினைவுக்கு வந்தது.

"வரலாமான்னு நீ கேக்கக் கூடாது. நான் சொல்லுததக் கேட்டுட்டு, வரணுமா வேண்டாமான்னு நீ முடிவு பண்ணு" என்றேன்.

சொன்னேன். நவம்பர், காப்பி, அவர் கேட்டது, நான் சொன்ன அந்த மூன்று சொல், எதையும் குறைக்கவில்லை. மூன்று தடவை போனை வைத்ததையும் சொன்னேன். "உங்கப்பா உங்கூடப் பேசிட்டுப் போயிருக்கலாம். நாந்தான் விடல" என்றேன்.

அவள் பெட்டியின் கைப்பிடியை விடவில்லை. ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டு ஏறிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போயிருந்தால் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கமாட்டேன். ஆட்டோ தெருமுனை திரும்புகிறவரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

"கையில என்னம்மா அது?" என்று கேட்டாள்.

"சேனை. வச்சா என் குணம் உனக்கு வந்துரும். யோசிச்சுக்கோ."

"அதெல்லாம் எப்பவோ வந்துட்டும்மா" என்று சொல்லிவிட்டு, பெட்டியைக் கீழே வைத்து, வாயைத் திறந்தாள்.